‘நன்றாக இருக்கிறது’ என்ற பதிலை எவ்வளவு நம்பலாம்?

வாசகர் கேள்வி: எங்கள் சிறு நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கியது. சேமிப்பு, உள்கடன், தவணை, வட்டி, அபராதம் ஆகியவற்றை நோட்டில் எழுதுவதற்குப் பதிலாக அதில் ஏற்றலாம். வெளியிடுவதற்கு முன், குழுக்களின் கணக்கை எழுதும் ஊக்குநர்கள் 12 பேரை ஒரே இடத்துக்கு அழைத்து, பெரிய திரையில் செயலியைக் காட்டிக் கலந்துரையாடினோம். எல்லாரும் ‘நன்றாக இருக்கிறது, எளிதாக இருக்கிறது’ என்றார்கள். சில மாதங்கள் கழித்து நேரில் போய்ப் பார்த்தபோது பெரும்பாலான குழுக்கள் நோட்டுக்கே திரும்பியிருந்தன. எங்கே தவறினோம்? இனி எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது? சோதனைக்கூடம் அமைக்க எங்களிடம் வசதி இல்லை. நிதி தரும் அமைப்போ ‘பயனர் திருப்தி எத்தனை சதவீதம்?’ என்று அறிக்கை கேட்கிறது.

பதில்:

அன்புடையீர், வணக்கம். செயலியை வெளியிட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், அது உண்மையில் பயன்படுகிறதா என்று நீங்கள் மறுபடியும் ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். இதைச் செய்யாத நிறுவனங்கள்தான் நான் கண்டவற்றில் அதிகம். ஆகவே உங்கள் கேள்விகளுக்கு இயன்றவரை விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அந்த 12 பேரும் உங்களிடம் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். நீங்கள் அவர்களிடம் கேட்டது ஓர் அபிப்பிராயம். அவர்களும் அபிப்பிராயத்தைத்தான் சொன்னார்கள். வேறொருவர் கையில் இயங்கிக்கொண்டிருக்கும் செயலியைத் திரையில் பார்ப்பவருக்கு எல்லாமே எளிதாகத்தான் தெரியும். அவர் விரல் ஒரு பொத்தானையும் தேடவில்லை, தவறான தொகையை ஏற்றிவிட்டு அதைத் திருத்தும் வழி தெரியாமல் திகைக்கவில்லை, 15 பெண்கள் சுற்றி அமர்ந்து பணத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததோ அவர்களால் அதைச் செய்ய முடிகிறதா என்பது. அந்தக் கேள்விக்கு வாய் சொல்லும் பதிலைவிட, கை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்து அறியும் பதிலே நம்பத்தக்கது.

இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது ஒரு மருத்துவமனையில். புறநோயாளிகள் பதிவுக்கான மென்பொருளைப் பற்றி ஊழியர்களுடன் ஒரு கலந்துரையாடல் நடத்தினேன். குறை என்று எதுவும் வரவில்லை. மறுநாள் காலை பதிவு முகப்பின் பின்னால் ஒரு மணி நேரம் நின்றேன். அங்கிருந்த ஊழியர் ஒவ்வொரு நோயாளியின் பெயரையும் வயதையும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கூட்டம் குறைந்த பிறகே கணினியில் ஏற்றினார். அஞ்சல் குறியீட்டு எண்ணை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மென்பொருள் விடவில்லை. வந்தவர்களில் பலருக்கு அந்த எண் தெரியவில்லை. இதை ஏன் முந்தைய நாள் சொல்லவில்லை என்று கேட்டபோது, ‘எனக்குத்தான் வேகம் போதவில்லை என்று நினைத்தேன்’ என்றார். மென்பொருளின் குறையை மனிதர்கள் தங்கள் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். தன் குறை என்று நம்புவதை மேலதிகாரியும் சக ஊழியர்களும் இருக்கும் இடத்தில் யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள்.

இதனோடு விருந்தினரை நோகச் செய்யாத நம் பண்பும் சேர்ந்துகொள்கிறது. நிக்கோலா டெல்லும் அவருடன் சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் பெங்களூரில் 450 நேர்காணல்கள் நடத்தி, அதன் முடிவுகளை 2012-இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான இரண்டு பொருள்களைக் காட்டி, அவற்றுள் ஒன்று நேர்காணல் செய்பவரே உருவாக்கியது என்று தோன்றும்படி செய்தபோது, அதையே சிறந்தது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. நேர்காணல் செய்தவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு வந்த வெளிநாட்டவராக இருந்தபோது அது ஐந்து மடங்காயிற்று. நகரத்திலிருந்து மடிக்கணினியோடு வந்து ‘நாங்கள் செய்த செயலி’ என்று சொல்லிக் காட்டிய உங்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். எனவே அடுத்த முறை, செயலியை உருவாக்கியவர் சோதனையை நடத்த வேண்டாம். நடத்துபவரும் ‘இதை நான் செய்யவில்லை, இதில் இருக்கும் கோளாறுகளைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறேன், உங்களால் ஓர் இடத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் அந்த இடம்தான் எனக்கு வேண்டும்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடட்டும். இது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

சோதனைக்கூடம் பற்றிய கவலையை விடுங்கள். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் வீரர்கள் குரல்வழிச் செய்தி அனுப்பவும் கேட்கவும் ஐ.பி.எம். நிறுவனம் 12 மொழிகளில் ஓர் அமைப்பை உருவாக்கியது. ஜான் கூல்டும் அவர் குழுவினரும் அதைப் பயன்படுத்துவதற்கான கூண்டின் மாதிரியைத் தங்கள் கட்டடத்தின் நடைவழியில் வைத்து, கடந்து போகிறவர்களைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். நிரல் எழுதுவதற்கு முன்பே பயனருக்கான வழிகாட்டிக் குறிப்புகளை எழுதி, அவை புரிகின்றனவா என்று பார்த்தார்கள். உங்களுக்கு அந்த நடைவழியும் தேவையில்லை. ஊக்குநரின் வீட்டுத் திண்ணையே போதும். சொல்லப்போனால் அதுவே சிறந்தது. வெயில் படும் இடத்தில் திரை தெரிகிறதா, அவருடைய பழைய கைப்பேசியில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா, குழந்தை மடியில் இருக்கும்போது ஒரு கையால் தொகையை ஏற்ற முடிகிறதா என்பவையெல்லாம் குளிரூட்டிய அறையில் தெரிய வராது. உங்கள் கைப்பேசியைக் கொடுக்காமல் அவர்கள் கைப்பேசியிலேயே செய்யச் சொல்லுங்கள்.

இனி எத்தனை பேர் என்ற கேள்வி. ‘ஐந்து பேர் போதும்’ என்ற சொல் பயனர் சோதனைத் துறையில் பரவலாகப் புழங்குகிறது. அதன் வேர் யாக்கோப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கில் இருக்கிறது. ஒரு பயனரைக் கவனித்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் தென்படும் என்று கொண்டால், ஐந்து பேரைக் கவனித்தால் ஏறத்தாழ 85 சதவீதச் சிக்கல்கள் தென்பட்டுவிடும். இந்தக் கணக்கு அந்த 31-ஐச் சார்ந்தே நிற்கிறது. பத்தில் ஒருவருக்கே நேரும் சிக்கல் என்றால், ஐந்து பேரை வைத்துச் சோதிக்கும்போது அது ஒருமுறையேனும் கண்ணில் படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். 2001-இல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பெரிய இணையத்தளங்களைச் சோதித்துவிட்டு, ஐந்து பேர் எவ்வகையிலும் போதவில்லை என்று எழுதினார்கள். இரு தரப்பையும் எடைபோட்டுப் பார்த்து நான் பின்பற்றும் வழி இது: ஒரே சமயத்தில் 15 பேரைச் சோதிக்காமல், ஐந்து பேரைச் சோதித்து, கண்டவற்றைத் திருத்தி, வேறு ஐந்து பேரைச் சோதித்து, மறுபடியும் திருத்துவது. முதல் சுற்றில் முட்டி நிற்கும் பெரிய கல்லை அகற்றினால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் சிறிய கல் தெரியும். அத்துடன் ஐந்து என்பது ஒவ்வொரு வகைப் பயனருக்கும் தனித்தனியே ஐந்து. கணக்கு எழுதும் ஊக்குநரும், தன் கடன் நிலுவையை மட்டும் பார்க்க விரும்பும் உறுப்பினரும் ஒரே வகை அல்லர். சரளமாக வாசிப்பவரும் எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் கூட ஒரே வகை அல்லர்.

சோதனையின் உயிர் நீங்கள் கொடுக்கும் வேலையில் இருக்கிறது. ‘தவணை வரவு என்ற பொத்தானை அழுத்தி 500 ரூபாய் ஏற்றுங்கள்’ என்று சொன்னால், பொத்தானைக் கண்டுபிடிக்கும் வேலையை நீங்களே செய்து கொடுத்துவிட்டீர்கள். திரையில் உள்ள சொல் எதுவும் வேலையைச் சொல்லும் வாக்கியத்தில் வரக்கூடாது. ‘செல்வி அக்கா போன மாதம் வரவில்லை. இன்று இரண்டு மாதப் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார். வராததற்குக் குழு விதித்த பத்து ரூபாயையும் கொடுத்துவிட்டார். இதைக் கணக்கில் சேருங்கள்’ என்பது போல, அவர்கள் கூட்டத்தில் நடக்கும் நிகழ்ச்சியாகச் சொல்லுங்கள். நான்கு அல்லது ஐந்து வேலைகள் போதும். அவற்றுள் ஒன்று கட்டாயம் பிழையைத் திருத்துவதாக இருக்கட்டும்: ‘ஐயோ, அது செல்வி அக்கா இல்லை, செல்வராணி அக்கா கொடுத்த பணம், மாற்றுங்கள்.’ நோட்டில் ஒரு கோடு அடித்து, மேலே எழுதிக் கையொப்பமிட்டால் முடிந்துவிடும் காரியம் இது. உங்கள் பயனர்கள் நோட்டுக்குத் திரும்பியதற்கான காரணம் இங்கேதான் இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆனால் என் ஊகத்தை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனைக்கு உண்மையான குழுவின் கணக்கை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். யாருக்கு எத்தனை தவணை பாக்கி என்பது ஒரு சிற்றூரில் மானப் பிரச்சினை. கற்பனைப் பெயர்களும் தொகைகளும் கொண்ட ஒரு குழுவைச் செயலிக்குள் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

வேலையைச் செய்யும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது இத்துறையின் பழைய முறை. ஐ.பி.எம்.மில் பணிபுரிந்த கிளேட்டன் லூயிஸ் 1982-இல் இதை இடைமுக வடிவமைப்புக்கு, அதாவது பயனர் கையாளும் திரைகளை வடிவமைக்கும் வேலைக்கு, கொண்டுவந்தார். அதன் அடிப்படையை உளவியலில் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் விளக்கினார்கள். அவர்கள் வலியுறுத்தியது, பேசுபவரின் போக்கில் குறுக்கிடாமல் இருப்பதை. அவர் மௌனமானால் ‘பேசிக்கொண்டே செய்யுங்கள்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதீர்கள். ‘ஏன் அதை அழுத்தினீர்கள்?’ என்று கேட்டால், அந்த நொடியில் அவர் ஒரு காரணத்தைக் கட்டத் தொடங்குவார். அந்நியர் முன் இப்படித் தனியே பேசுவது நம் கிராமத்துப் பெண்கள் பலருக்கு இயல்பாக வருவதில்லை என்பதைக் கண்டிருக்கிறேன். அப்போது இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். தையல் இயந்திரம் எப்படித் தையல் போடுகிறது என்பதை இருவர் இருவராகப் பேசிப் புரிந்துகொள்வதை நவோமி மியாக்கே 1986-இல் ஆராய்ந்து எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததே இந்த இருவர் முறை. ஒருத்தி மற்றவளுக்கு விளக்கும்போது, நீங்கள் கேட்க விரும்பியதெல்லாம் தானாகவே வெளியே வரும். இருவரும் சம நிலையில் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை; ஊக்குநரோடு புதிய உறுப்பினரைச் சேர்த்தால் ஒருவர் செய்வார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றிலும் கடினமானது உதவாமல் இருப்பது. அவர் தேடும் பொத்தான் கண்ணெதிரே இருக்கும். உங்கள் விரல் தானாக நீளும். நீட்டிவிட்டால் அந்தச் சோதனை அங்கேயே முடிந்தது. ‘இதை அழுத்தலாமா தம்பி?’ என்று கேட்டால், ‘நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள் அக்கா?’ என்று மென்மையாகத் திருப்பிக் கேளுங்கள். அவர் வருந்தும் அளவுக்குத் திணறினால் நிறுத்தி, அடுத்த வேலைக்குப் போங்கள். அந்த வேலையை முடிக்க முடியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர் என்று இருவர் போதும். நிரல் எழுதிய பொறியாளர்களில் ஒருவராவது ஒவ்வொரு முறையும் ஓரமாக உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். நூறு பக்க அறிக்கை மாற்றாத மனத்தை, தான் வடிவமைத்த திரையின் முன் ஓர் அம்மா பத்து நிமிடம் தவிப்பதைப் பார்ப்பது மாற்றிவிடும். எழுதுபவர் நடந்ததை நடந்தபடி எழுதட்டும்: ‘குழம்பினார்’ என்பது உங்கள் கருத்து, ‘சேமிப்புப் பக்கத்துக்கு மூன்று முறை போய்த் திரும்பினார்’ என்பது நடந்தது.

அப்படியானால் கலந்துரையாடல் வீணா என்றால், இல்லை. அதனிடம் கேட்கக்கூடாததைக் கேட்டதுதான் தவறு. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1941-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்டின் அழைப்பில் ஒரு வானொலிச் சோதனையைப் பார்க்கப் போனார். கேட்போர் பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும், பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அழுத்துவார்கள். பிறகு அந்தந்த இடத்தைக் குறிப்பிட்டு, ஏன் என்று குழுவாக விசாரிக்கும் முறை அங்கிருந்து வளர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியே எதிர்வினை காட்டினார்கள், பிறகே பேச்சு. உங்கள் கூட்டத்தில் தனி அனுபவம் எதுவும் இல்லாமலே பேச்சு தொடங்கிவிட்டது. முதலில் பேசியவர் ‘நன்றாக இருக்கிறது’ என்றதும் மற்றவர்களின் வழி அடைபட்டது. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் வெளிப்படையான விஷயத்திலேயே, சுற்றியிருந்தவர்கள் ஒருமித்துத் தவறாகச் சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறோடு ஒத்துப்போயிற்று. கண்ணால் காணும் கோட்டுக்கே அப்படி என்றால், முன்பின் தெரியாத ஒரு செயலியைப் பற்றி என்ன சொல்வது?

ஆகவே கலந்துரையாடலைத் தனிச் சோதனைகளுக்குப் பிறகு, செயலியைக் குறைந்தது இரண்டு குழுக் கூட்டங்களிலாவது பயன்படுத்தியவர்களோடு வையுங்கள். ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரத்துக்கு மிகாமல். ஊக்குநர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் தனித்தனிக் கூட்டம். கூட்டமைப்பின் தலைவர், வங்கி அலுவலர், திட்ட அலுவலர் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பேச்சைத் தொடங்குமுன், தனக்குத் தொல்லை கொடுத்த ஓர் இடத்தை ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதட்டும். எழுத இயலாதவர்கள் உங்கள் உதவியாளரிடம் தனியே வந்து சொல்லட்டும். பிறகு அந்தச் சீட்டுகளிலிருந்தே பேச்சு எழட்டும். ‘பிடித்திருக்கிறதா?’ என்பதை விட்டுவிட்டு, ‘போன கூட்டத்தில் பணம் வாங்கியதிலிருந்து கணக்கில் ஏறும்வரை என்ன நடந்தது என்று சொல்லுங்கள்’ என்று நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

அப்போது, தனிச் சோதனை எதிலும் தெரியாத செய்திகள் வரும். கைப்பேசி அந்தப் பெண்ணுடையதா, மகனுடையதா? கூட்டம் நடக்கும் மாலை நேரத்தில் அது வீட்டில் இருக்கிறதா? நோட்டு என்றால் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்த்துத் தன் வரியில் விரலை வைத்துச் சரிபார்க்கலாம். கைப்பேசிக்குள் போன கணக்கை ஊக்குநர் மட்டுமே பார்க்கிறார் என்ற சந்தேகம் குழுவுக்குள் எழுந்திருக்கிறதா? வங்கியில் கடன் கேட்டுப் போகும்போது அங்கே தீர்மானப் புத்தகத்தையும் பேரேட்டையும் தாளில்தான் கேட்கிறார்களா? அப்படிக் கேட்டால் உங்கள் செயலி வேலையைக் குறைக்கவில்லை, இரட்டிப்பாக்கியிருக்கிறது. இவற்றைப் பொத்தானை இடம் மாற்றித் தீர்க்க முடியாது. இவற்றைக் கண்டுபிடிக்கக் கலந்துரையாடலைப் போன்ற கருவி வேறில்லை. ஆயினும் அங்கே கேட்டது உடனே முடிவாகிவிடாது. குழு நேர்காணல் புதிய கருத்துகளைத் தரும் ஊற்றே ஒழிய, அது நிறுவப்பட்ட முடிவு அல்ல என்பதை மெர்ட்டனே பிற்காலத்தில் வலியுறுத்தினார்.

கிடைத்த சிக்கல்களை எதிலிருந்து திருத்துவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். எத்தனை பேருக்கு நேர்ந்தது, நேர்ந்தபோது வேலை நின்றதா அல்லது தாமதமானதா, ஒருமுறை பழகினால் போய்விடுமா அல்லது ஒவ்வொரு முறையும் வருமா என்ற மூன்றையும் பாருங்கள். பணத்தொகை தவறாகப் பதிவாகும் சிக்கல் ஒருவருக்கே நேர்ந்திருந்தாலும் அதுதான் முதலில். உங்கள் பட்டியலை முழுமையானது என்றும் கருதாதீர்கள். ரோல்ஃப் மோலிக் நடத்திய ஓர் ஒப்பீட்டில் ஒன்பது சோதனைக் குழுக்கள் ஹாட்மெயில் மின்னஞ்சல் சேவையைத் தனித்தனியே மதிப்பிட்டன. மொத்தம் 310 சிக்கல்கள் கிடைத்தன. அவற்றில் முக்கால் பங்கை ஒரே ஒரு குழு மட்டுமே குறித்திருந்தது. ஆகவே சோதனையைப் பார்த்த இருவர் தனித்தனியே பட்டியல் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாக நிதி தரும் அமைப்புக்கான சதவீதம். பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கூற்று அளவுகோலை யாராவது உங்களுக்குப் பரிந்துரைக்கலாம். அது நல்ல கருவி. 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். 68-ஐச் சராசரியாகக் கொள்வது வழக்கம். ஆனால் அந்த மதிப்பெண் சதவீதம் அல்ல. அதன் கூற்றுகளில் பாதி எதிர்மறையாக அமைந்தவை. ‘இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது’ என்று வாசித்துக் காட்டி, அதை எவ்வளவு மறுக்கிறீர்கள் என்று கேட்டால், படிவம் நிரப்பிப் பழகாதவர் தடுமாறுவார். கிடைக்கும் எண் செயலியை அளக்காது, அந்தத் தடுமாற்றத்தைத்தான் அளக்கும். ஐந்து பேரில் நான்கு பேர் வேலையை முடித்தார்கள் என்றால் அதை 80 சதவீதம் என்று எழுதவும் வேண்டாம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மையான விகிதம் 36 முதல் 98 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரநிலை பயன்பாட்டெளிமையை, வேலை நிறைவேறுவது, அதற்குச் செலவாகும் முயற்சி, மனநிறைவு என்று மூன்றாகப் பார்க்கிறது. திருப்தி அவற்றுள் ஒன்றுதான். இதைச் சுட்டிக்காட்டி, முதல் சுற்றில் ஐந்து ஊக்குநர்களில் எத்தனை பேர் துணையின்றித் தவணையை ஏற்றினார்கள், எங்கே நின்றார்கள், என்ன திருத்தினோம், அடுத்த ஐந்து பேரில் என்ன மாறியது என்று எண்ணிக்கையாகவே எழுதிக் கொடுங்கள். அனுமதி பெற்ற ஓரிரு நிமிடக் காணொளியையும் இணைக்கலாம். முகம் தெரிய வேண்டியதில்லை, திரையும் விரல்களும் போதும்.

சோதனை நாளைக் குறிக்கும்போது நடவு, அறுவடை நாட்களையும் நூறு நாள் வேலை நடக்கும் நாட்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரச் சோதனைக்காக ஒருவர் அன்றைய வேலையை விட்டு வந்தால், முழு நாள் கூலியை உறையில் போட்டுச் சோதனை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு கொடுத்தால், நன்றாகச் செய்ததற்கான பரிசு என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வருபவரிடமும் அப்படியே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.